மலைப்பாதையில் வண்டி ஓட்டுதல்: சமவெளிக்காரர் அறிய வேண்டியவை



விடுமுறை நாட்கள் வந்துவிட்டால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்து வேன்களும் கார்களும் மலைகளை நோக்கிப் புறப்படுகின்றன. குடும்பத்தார் சேர்ந்து போகிறார்கள். சபையின் வாலிபர் கூட்டத்தார் போகிறார்கள். ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் பணம் போட்டு வேன் பிடிக்கிறார்கள். நமக்கு அருகிலுள்ள மலை கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலை. இன்னும் சற்றுத் தூரம் போக மனமுள்ளவர்கள் ஏற்காட்டுக்கோ நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கோ போகிறார்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு அருவிக்கோ குன்றின் உச்சிக்கோ நடந்து செல்வது பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு.

நடக்கப் போகிறவர்கள் செருப்பைப் பற்றியும் தின்பண்டத்தைப் பற்றியும் யோசிக்கிறார்கள். நடை தொடங்கும் இடம் வரைக்கும் வண்டி எப்படிப் போகும், அதைவிட முக்கியமாக எப்படித் திரும்பி இறங்கும் என்பதை யோசிப்பவர்கள் குறைவு. மருத்துவமனையில் பணி செய்கிற எங்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஆகவே இந்த இதழில் மலைப்பாதையைப் பற்றிச் சில காரியங்களை விளக்கமாய் எழுதுகிறோம். கொல்லிமலைப் பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு பாதையைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றப் பாதைகளும் விளங்கும்.

நம் ஊர்ச் சாலையும் அந்த ஊர்ச் சாலையும்

பாகூர் ஏரிக்கரையிலும் சங்கராபரணி ஆற்றோரத்திலும் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான். இறக்கம் என்றால் அதே பாலத்தின் மறுபக்கம்தான். சில விநாடிகளில் அது முடிந்துவிடும். நெல்வயல்களுக்கு நடுவே போகும் நம் சாலைகளில் வண்டியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் கால். காலை எடுத்தால் வண்டி தானாகவே மெதுவாகும்.

மலையில் அப்படி அல்ல. இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டி மெதுவாகாது, வேகம் கூடும். அதுவும் சில விநாடிகளுக்கு அல்ல, முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு. சமவெளியில் இருபது வருஷம் விபத்தில்லாமல் ஓட்டிய கைதேர்ந்த ஓட்டுநருக்கும் இது புதிய அனுபவம். அவருடைய திறமையில் குறை ஒன்றுமில்லை. வேறொரு பாடத்தை அவர் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

வில்லியனூரிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் வழியாக மேற்கே போய், காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தை அடைகிறார்கள். இந்தத் தூரமே 200 கிலோமீட்டருக்கு மேல். இது முழுவதும் ஏறக்குறைய சமதளம். காரவள்ளியில்தான் மலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். மேலே கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் செம்மேடு முதலிய ஊர்கள் இருக்கின்றன. இன்னும் உள்ளே போனால் அறப்பளீஸ்வரர் கோயில். அதன் அருகே தொடங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினால் ஆகாய கங்கை அருவி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மலை தொடங்குவதற்கு முன்பே ஓட்டுநர் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டி ஓட்டியிருக்கிறார். பெரும்பாலும் இரவில்தான் புறப்படுகிறோம். பின்னால் பிள்ளைகள் தூங்குகிறார்கள், பெரியவர்களும் தூங்குகிறார்கள். விழித்திருப்பவர் ஒருவர் மட்டுமே. விடியற்காலையில் அடிவாரத்தை அடைந்ததும் எல்லாரும் உற்சாகமாய் எழும்புகிறார்கள். அதுவரை கண் மூடாதவரின் கையில்தான் அந்த 70 வளைவுகளையும் ஒப்படைக்கிறோம்.

ஏறும்போது

ஏற்றத்தில் வண்டிக்கு வரும் தொல்லை பெரும்பாலும் இன்ஜின் சூடு. வண்டி மெதுவாகப் போகிறது, இன்ஜினோ முழு பலத்தோடு உழைக்கிறது. முன்னாலிருந்து வீசும் காற்று போதாமல் ரேடியேட்டர் தண்ணீர் சூடேறுகிறது. ஆகவே புறப்படும் முன் ரேடியேட்டர் தண்ணீரையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். ஏறும்போது வெப்பமானி முள் மேலே போனால் ஏ.சி.யை நிறுத்துங்கள். அப்படியும் இறங்கவில்லையானால் அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அந்தத் தீப்புண் ஆற வெகுநாள் ஆகும்.

வளைவுகளில் கியரை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு வண்டி திணறும்போது கியர் மாற்ற முயன்றால், கிளட்ச் மிதித்த அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் உருள ஆரம்பிக்கும்.

கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. நாம் இடப்புறமாக ஓட்டுகிறவர்கள். ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். அந்த உள்வட்டம் குறுகியது, மிகவும் செங்குத்தானது. அங்கே முதல் கியர் தேவைப்படலாம். நீளமான வண்டி சற்று வெளியே ஒதுங்கித் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே மேலே இருந்து வண்டி வருகிறதா என்று பார்த்து, ஹாரன் அடித்து, பிறகே நுழைய வேண்டும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருப்போம். ஏற்றம் அங்கே சுலபம், ஆனால் மேலிருந்து வரும் லாரியோ பஸ்ஸோ நம் பக்கம் அகன்று வரும். குறுக்கே வெட்டிப் போகும் ஆசையை விட்டுவிட்டு இடது ஓரத்திலேயே இருக்க வேண்டும்.

யார் ஒதுங்க வேண்டும்?

குறுகலான மலைச்சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் யார் வழிவிடுவது? இது மரியாதைக் கேள்வி அல்ல, சட்டம் பதில் சொல்லியிருக்கும் கேள்வி. 1989-ம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே, அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கி வரும் வண்டி ஓரமாக நின்று ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று இருக்கிறது.

காரணம் எளிது. இறங்குகிற வண்டி நின்றால் மறுபடி புறப்படச் சிரமமில்லை. பிரேக்கை விட்டாலே நகரும். பாரத்தோடு ஏறுகிற வண்டி வளைவில் நின்றுவிட்டால் மறுபடி எழும்புவது கடினம். கிளட்ச் புகையும், சக்கரம் வழுக்கும், வண்டி பின்னால் உருளும். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே இறங்கும்போது எதிரே வண்டி வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். ஏறும்போது முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். அது இரண்டு முழ தூரம் பின்னால் உருண்டாலும் உங்களைத் தொடாத அளவுக்கு இடம் விடுங்கள்.

ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டி இழுக்கத் தொடங்குவது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். இதை நம் ஊர்ப் பாலத்து ஏற்றத்திலேயே பத்து முறை பழகிக்கொள்ளலாம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டையும் வண்டியில் இருக்கட்டும்.

இறங்கும்போது: பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

மலை விபத்துகளைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போது "பிரேக் பிடிக்கவில்லை" என்ற வார்த்தையைப் பார்க்கிறோம். அது வண்டியின் கோளாறு என்று நினைக்கிறோம். அநேக சமயங்களில் நல்ல பிரேக்தான் இறக்கத்தில் கெடுக்கப்படுகிறது. அது எப்படி என்று சொல்லுகிறோம்.

பிரேக் செய்யும் வேலை, ஓட்டத்தை உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே. ஆட்களோடும் சாமான்களோடும் 3 டன் எடையுள்ள ஒரு வேன் 1000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாகக் கணக்கிட்டால், சாதாரணமாய் இருக்கும் ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அண்டாவைக் கொதிக்க வைக்கும் சூடு, ஓட்டுநர் பிரேக்கையே நம்பி இறங்கினால், நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சிறிய பிரேக் பாகங்களில் போய்ச் சேருகிறது. ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும் என்றாலும் மீதியே மிக அதிகம். பன்னிரண்டு பேர் வண்டியில் பதினெட்டுப் பேர் ஏறினால் சூடும் அதற்கேற்பக் கூடும்.

இந்தச் சூட்டினால் இரண்டு தீங்குகள் நேரிடுகின்றன. முதலாவது, பிரேக் லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதன் பிடிப்பு குறைகிறது. ஓட்டுநர் இன்னும் பலமாக மிதிக்கிறார், இன்னும் சூடேறுகிறது, இன்னும் பிடிப்பு குறைகிறது. கருகும் நாற்றம் வருவது இதற்கு அடையாளம்.

இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உண்டு. டாட் 3 என்ற வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். கடற்கரை ஓரத்தில், ஈரக்காற்றில் ஓடும் நம் வண்டிகளில் ஆயிலை வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டிருந்தால், நம் ஊர்ச் சாலையில் ஒரு குறையும் தெரியாது. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகும். குமிழியை அழுத்தினால் நசுங்கும். அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சைப் போல உள்ளே போய்விடும். வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் மறுபடி நன்றாய் இருக்கும்! "வண்டியில் ஒரு கோளாறும் இல்லையே" என்று மெக்கானிக் சொல்லுவார்.

இறக்கம்தான் ஆபத்து என்பதற்கு நீலகிரியில் ஒரு சாட்சி உண்டு. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போகும் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் விபத்துகள் மிகுந்தபோது, வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்குத்தான் தடை போடப்பட்டது. ஏறுவதற்கு அல்ல. 2023 செப்டம்பர் 30-ம் தேதி குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில், தென்காசி மாவட்டத்துச் சுற்றுலாப் பயணிகள் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்ததும் மலையிலிருந்து ஊர் திரும்பும்போதுதான்.

இன்ஜினே பிரேக்

அப்படியானால் எப்படி இறங்குவது? பழைய மலை ஓட்டுநர்கள் சொல்லும் ஒரு சொல் உண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு. இரண்டாம் கியரில் ஏறிய இடத்தை இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். சின்ன கியரில் இருக்கும்போது சக்கரங்கள் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. இன்ஜின் அதை எதிர்த்து வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அந்த எதிர்ப்பினால் உண்டாகும் வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. பிரேக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இன்ஜின் சற்று இரைச்சல் போடும். அதைக் கேட்டுப் பின்னால் இருப்பவர்கள் "கியரை மாத்துங்க அண்ணே" என்று சொல்ல வேண்டாம். அந்தச் சத்தம் நம்மைக் காப்பாற்றுகிற சத்தம்.

பிரேக்கைக் கால் வைத்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. வேகம் கூடும்போது திடமாய் மிதித்து, வேகம் குறைந்ததும் முழுவதும் விட்டுவிட வேண்டும். விடுகிற அந்தச் சில நொடிகளில்தான் பிரேக்குக்குக் காற்று கிடைக்கிறது.

இனி ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் இருக்கிறார்கள். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவோரும் இருக்கிறார்கள். அணைத்தால் பிரேக்குக்குத் துணை செய்யும் காற்றுறிஞ்சும் சக்தி இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்து, பெடல் கல்லைப் போல ஆகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். நியூட்ரலில் மிச்சமும் இல்லை. இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால், இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் தானாகவே நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ இன்ஜினை அணையாமல் வைத்திருக்க எரிபொருள் செலவாகிறது. ஆகவே நியூட்ரலில் இறங்குகிறவர் உயிரைப் பணயம் வைத்து, டீசலையும் கூடச் செலவு செய்கிறார்.

தானியங்கி கியர் உள்ள கார்களில் சின்ன கியருக்கென்று தனி நிலை இருக்கும். அதைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டு மலைக்குப் போங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இன்ஜினின் இழுவை மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாப் பாரமும் பிரேக்கின் மேலேயே விழும். இருவர் உட்கார்ந்த ஸ்கூட்டரை 70 வளைவுகளில் இறக்குவது புத்தியல்ல. வாலிபப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சின்ன கியரில் இறங்கட்டும். வளைவுகளில் சிதறிக் கிடக்கும் ஜல்லியில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் இருக்கட்டும். பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போடட்டும்.

கருகும் நாற்றம் வந்தால் உடனே அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்காதீர்கள். சூடான இரும்பு விரிசல் விடும். ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால் பெடலை விட்டு விட்டு வேகமாய் மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழுக்க வேண்டும். வேறு வழியே இல்லையானால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சரிவின் பக்கம் வண்டியை உரசி நிறுத்த வேண்டும். தகரம் நசுங்கினால் தட்டிக்கொள்ளலாம்.

மழையும் மூடுபனியும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையில் மலைச்சரிவின் மண் இளகிக் கற்கள் உருண்டு வரும். நேற்றுத் திறந்திருந்த பாதை இன்று அடைபட்டிருக்கலாம். அடிவாரத்தில் விசாரித்துவிட்டே ஏறுங்கள். வெட்டிய மண்சரிவின் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். மூடுபனியில் ஹெட்லைட்டை உயரத்தில் வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். டிப் செய்தால்தான் சாலை தெரியும். வளைவுகளில் குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வண்டியை நிறுத்துவதும் கூடாது. பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு நாம் நிற்பது தெரியாது.

பயணிகளுக்குச் சில வார்த்தைகள்

மலைப்பாதையில் வாந்தி வருவது பலவீனத்தினால் அல்ல. உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்லுகிறது. வண்டிக்குள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ "அசையாமல் இருக்கிறோம்" என்று சொல்லுகிறது. இந்த முரண்பாட்டினால் குமட்டல் உண்டாகிறது. முன் பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் குறையும். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, வயிறு நிறைய உண்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும். ஆகவே ஓட்டுநருக்குக் கொடுக்கவே கூடாது. வாந்தி எடுக்கத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதும் ஆபத்து. ஆளுக்கொரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகாய கங்கைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சாதாரணமாய் மலைக்குப் போனால் முதலில் ஏறி, பிறகு இறங்குவோம். இங்கே முதலில் இறங்கி, களைத்த பிறகு ஏற வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மேலேயே கோயிலருகே இருப்பது நல்லது. ஓட்டுநரும் மேலேயே இருக்க வேண்டும். "அவரும் குளிக்கட்டுமே, பாவம்" என்று அன்போடு அழைத்துப் போகிறோம். ஆயிரம் படி ஏறி வந்த கால்கள் நடுங்கும். அந்தக் கால்களைத்தான் பிறகு கிளட்ச்சிலும் பிரேக்கிலும் வைத்து 70 வளைவுகளையும் இறங்க வேண்டும். அவருக்குச் சாப்பாடு கொடுத்து, ஒரு மரநிழலில் பாய் போட்டு இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள். அதுவே அவருக்குச் செய்யும் பெரிய அன்பு. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே அடிவாரம் சேரலாம்.

இது யாருடைய பாதை?

நமக்கு இது உல்லாசப் பிரயாணத்துக்கான பாதை. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் பாதை. இப்படியொரு பாதை இல்லாத காலத்தை அறிந்தால் அதன் அருமை தெரியும்.

1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனெரித் தம்பதியர் கொல்லிமலையில் குடியேறினார்கள். அந்நாளில் மலைக்குச் செல்லக் காட்டு வழிதான் உண்டு. நடந்தோ, ஆட்கள் தூக்கிச் செல்லும் டோலியிலோதான் ஏற வேண்டும். 1914-ல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால், படிப்புக்காகச் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் ஜெஸ்ஸி கடுமையான மலேரியாக் காய்ச்சலின் விளைவினால் அந்த மலையிலேயே மரித்தார். மகன் தகப்பனை மறுபடி காணவில்லை. அந்த மகனே பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகறிந்த டாக்டர் பால் பிராண்ட். தாயார் ஈவ்லின் வயதான காலத்திலும் மட்டக்குதிரையின் மேல் ஏறிக் கொல்லிமலையிலும், கல்வராயன் முதலிய பக்கத்து மலைகளிலும் மருந்துப் பெட்டியோடு சுற்றினார். 1974-ல், 95-ம் வயதில் காலமானார். கணவரின் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று அதே மலையில் தார்ச்சாலை இருக்கிறது. 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் அதில் ஓடுகிறது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணையோ பாம்பு கடித்தவரையோ ஏற்றிக்கொண்டு அது இறங்கி வரும் வேளையில், நம் வேன் ஒரு கொண்டை ஊசி வளைவில் குறுக்கே நின்றுவிட்டால் சுற்றிப் போக வேறு வழியில்லை. புகைப்படம் எடுக்க வளைவில் வண்டியை நிறுத்துகிறவர்களும், சரி பார்க்காத வண்டியைக் கொண்டு வந்து நடுவழியில் பழுதாகி நிற்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஏறும் வண்டிக்கு முதல் வழி என்று சொன்னோம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அந்தக் கணக்கு இல்லை. அது ஏறினாலும் இறங்கினாலும் அதற்கே வழி.

விபத்து நேர்ந்தால்

உங்களுக்கோ பிறருக்கோ விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். "மலையில் ஏதோ ஓரிடம்" என்று சொன்னால் அவர்கள் தேட வேண்டியிருக்கும். கடைசியாகப் பார்த்த வளைவின் எண்ணைச் சொல்லுங்கள். நேராக வந்து சேருவார்கள். போகும்போதே பிள்ளைகளை அந்த எண்களைச் சத்தமாய் வாசித்துக்கொண்டு வரச் சொன்னால் விளையாட்டாகவும் இருக்கும், உதவியாகவும் இருக்கும். எல்லா இடத்திலும் செல்போன் வேலை செய்யாமல் போகலாம். அப்போது இறங்கிப் போகும் வண்டியில் ஒருவரை அனுப்புங்கள்.

காயப்பட்டவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். தீயோ, வண்டி சரியும் ஆபத்தோ இல்லையானால் தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயக்கமாய் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

உதவி செய்தால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன. உங்கள் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

புறப்படும் முன்

வேன் பேசும்போது வாடகையை மட்டும் பேசாமல் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். ஓட்டுநர் மலையில் ஓட்டியவரா? பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? டயரும் ஸ்டெப்னியும் தேயாமல் இருக்கின்றனவா? முந்தின இரவு ஓட்டுநர் வேறு சவாரிக்குப் போகிறாரா? சரியான பதில் வராவிட்டால் வேறு வண்டி பாருங்கள். கூடுமானால் முதல் நாள் பகலில் புறப்பட்டு, ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ இரவு தங்கி, தூங்கி எழுந்த ஓட்டுநரோடு காலையில் ஏறுங்கள். தங்கும் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் பெரிய பாரமாகத் தோன்றாது.

மலையின் குளிர்ந்த காற்றையும் அருவியையும் பலாவையும் அன்னாசியையும் அனுபவித்து, புறப்பட்ட அத்தனை பேரும் நலமாய் ஊர் வந்து சேரும்படி வாழ்த்துகிறோம். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, உங்கள் தெருவில் வேன் ஓட்டும் தம்பிக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள்.